நாற்பத்து மூன்றாம் எண்

சேர்மன் அறைக் கதவில் பெயர்ப்பலகையை மாட்ட எட்டு ஆணி தேவைப்பட்ட கதையைப் போன வாரம் பார்த்தோம். பலகையில் மூன்று வரி. நிறுவனரின் மூத்த மகன். சேர்மன். மேனேஜிங் டைரக்டர். நான்காவது வரிக்கு இடம் இருந்தது, பட்டம்தான் தீர்ந்துவிட்டது.

உள்ளபடி பார்த்தால் அது ஒரு சங்கம். காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்தித் தரும் சங்கம். சங்கங்களுக்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, தேநீர் இடைவேளை உண்டு, சண்டை உண்டு. மேனேஜிங் டைரக்டர் கிடையாது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வரவில்லை.

தச்சு வேலை பார்த்துக்கொண்டே சங்கத்தைத் தொடங்கிய அப்பா இறந்து இரண்டரை வருஷம் ஆகிறது. மூத்த மகன் தலைவரானார். அவருடைய ஒரே தங்கை, கால் செய்யும் பட்டறையையும் செயலாளர் வேலையையும் சேர்த்துச் சுமக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணை, காதோரம் நரைத்த பிறகும், பாப்பா என்று கூப்பிடும் வசதி அண்ணன்மாருக்கு மட்டுமே உண்டு.

இன்று காலை பதினோரு மணிக்குப் பொதுக்குழு. கட்டடம், மெஷின், அப்பாவின் பெயர் மூன்றையும் முப்பது வருஷத்துக்கு ஒரு புதுக் கம்பெனியின் கையில் கொடுக்கும் தீர்மானத்தைச் சேர்மன் கொண்டுவரப் போகிறார். அந்தக் கம்பெனிக்கும் மேனேஜிங் டைரக்டர் அவரேதான். பட்டம் இப்போதுதான் உண்மையாகப் போகிறது.

கூட்டத்துக்காக வருகைப் பதிவேட்டைத் தூசி தட்டிப் பிரித்த பாப்பா, அதில் பார்த்த ஒன்றால் ராத்திரி பூராவும் தூங்கவில்லை. எட்டரை மணிக்கெல்லாம் பதிவேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவின் அறைக்குப் போய்விட்டாள்.

வக்கீலம்மா கறுப்புக் கோட்டை நாற்காலிக்கு மாட்டிவிட்டு, தான் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். பதிவேட்டின் முதல் வரியில் விரலை வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"அண்ணாவோடது."

"பேரு யாரோடது?"

"அப்பாவோடது."

"அப்பா இருக்காரா?"

"ரெண்டரை வருஷம் ஆச்சு மேடம்."

"அதுக்கப்புறம் ரெண்டு கூட்டத்துக்கு வந்திருக்காரே! உயிரோட இருக்கிறவங்களே இவ்ளோ ஒழுங்கா வரமாட்டாங்க."

பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா தவறினப்புறம் நடந்த முதல் கூட்டத்துல அண்ணா நேரா ஒண்ணாம் நம்பர்ல கையெழுத்து போட்டார். எல்லாரும் அழுதுட்டாங்க. அப்பா இடத்துல பையன்னு. அடுத்த வருஷமும் அதேதான். அவரோட சொந்த நம்பர் நாப்பத்து மூணு. அது ரெண்டு வருஷமா காலியாவே இருக்கு."

வக்கீலம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்கண்ணன் இதைக் கம்பெனின்னே நெனச்சுட்டிருக்கார்மா. கம்பெனியில ஷேர்னு ஒண்ணு இருக்கு. அது சொத்து, சைக்கிள் மாதிரி. அப்பா போனா பிள்ளைக்கு வரும். பிடிக்கலேன்னா விக்கலாம். நூறு ஷேர் வெச்சிருந்தா நூறு ஓட்டு. சங்கத்துல உறுப்பினர்ங்கிறது சொத்து இல்ல, ஆளு. ஆளு போனா அதுவும் சேர்ந்து போச்சு. வாரிசும் கிடையாது, விலையும் கிடையாது. தலைவரானாலும் வாட்ச்மேனானாலும் ஒரு தலைக்கு ஒரு ஓட்டு."

"நம்மகிட்டயும் வருஷக் கடைசியில மிச்சம் வருதே, அப்ப இதுவும் கம்பெனிதானேங்கறார்."

"வரட்டுமே. மிச்சம் வரக்கூடாதுன்னு யார் சொன்னா? அதைப் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாதுன்னுதான் சட்டம். திரும்பப் பட்டறைக்குள்ளதான் போகணும். நாளைக்கே சங்கத்தைக் கலைச்சாலும் அந்த மெஷின் எல்லாம் இதே வேலை செய்யுற வேற சங்கத்துக்குத்தான். உங்க குடும்பத்துக்கு ஒரு ஸ்குரூ கிடைக்காது."

"அப்ப இந்தத் தீர்மானமே செல்லாதுல்ல?"

"கோர்ட்டுல நிக்காதுன்னுதான் நெனைக்கிறேன். அதுக்குத்தான் புத்திசாலித்தனமா 'நிர்வாக ஒப்பந்தம்'னு பேர் வெச்சிருக்காங்க. தீர்ப்பு வர்றதுக்குள்ள உன் பட்டறை இருக்கிற இடத்துல கண்ணாடி போட்ட ஷோரூம் வந்துடும். காலுக்காக உன் பெஞ்சுல காத்திருக்கிறவங்க எந்தப் பெஞ்சுல போய் காத்திருப்பாங்க?"

பிறகு விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டி, பன்னிரண்டாம் விதியைப் படிக்கச் சொன்னார். அப்பாவே எழுதிய விதி. போட்டோவுக்கு மட்டும் வந்து நின்றுவிட்டுப் போகிற பெரிய மனிதர்களுக்காக எழுதியது. தொடர்ந்து மூன்று பொதுக்குழுக்களில் தன் எண்ணுக்கு நேரே கையெழுத்து இடாதவர், மூன்றாவது கூட்டத்தின் பதிவேடு மூடப்படும் கணத்தில் உறுப்பினர் அல்லாதவர் ஆகிறார்.

"ரெண்டு ஆச்சு. இன்னிக்கு மூணாவது. பதினோரு மணிக்கு நீ பதிவேட்டை மூடுறப்போ நாப்பத்து மூணு காலியா இருந்தா, உங்கண்ணன் உறுப்பினர் இல்ல. அப்புறம் எங்கேர்ந்து தலைவர்? எப்படித் தீர்மானம் கொண்டு வருவார்?"

"போட்டுட்டார்னா?"

"தலைவராவே இருப்பார். தீர்மானமும் ஜெயிச்சுடும். கையைத் தூக்க ஆள் சேத்து வெச்சிருக்கார்னு நீதானே சொன்னே."

பாப்பா பதிவேட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள். பை வாய் திறக்க மறுத்தது. "அவர்கிட்ட நான் சொல்லணுமா மேடம்?"

"செயலாளர் வேலை பதிவேட்டை நீட்டுறது. விரலைப் பிடிச்சு எழுத வெக்கிறது இல்ல. தங்கச்சி வேலை என்னன்னு என்கிட்ட கேக்காதே, அது என் படிப்புல வரல." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டவர் வாசலில் திரும்பினார். "இறந்தவர் பேரை அப்பவே அடிச்சிருந்தா இந்தக் கூத்தே இல்ல. அதை அடிக்க வேண்டியது யாரு?"

"நான்தான்."

இரண்டு முறை சிவப்புப் பேனாவை எடுத்திருக்கிறாள். இரண்டு முறையும் மூடி வைத்துவிட்டாள். அப்பா பெயரின் மேல் கோடு போட எந்தக் கைக்கு மனசு வரும்?

*

பாப்பா திரும்பி வந்து பதிவேட்டைக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போனபோது, பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் தையல்காரம்மா. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புதுக் கால் தயாராகி, இன்று இரண்டாவது தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

"இந்தத் தடவை பாதம் மடங்குமாம்மா? தையல் மெஷின் பெடலை மிதிக்கணும். போன தடவை கட்டை மாதிரி நின்னுச்சு."

"மடங்கும். கூட்டம் முடிஞ்சதும் போட்டுப் பாத்துடலாம்."

"கூட்டம் முடிஞ்சா பட்டறை இருக்காதுன்னு சொல்லிக்கிறாங்களே?"

ஜன்னலோரம் ஒரு கோட்டுக்காரர், கம்பெனி அனுப்பிய ஆள், டேப்பை நீட்டி ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். பிளாஸ்டர் தூசி அவர் கோட்டில் படிந்துகொண்டே இருந்தது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். இந்தப் பட்டறையில் தூசியை ஜெயித்தவர் இதுவரை யாரும் இல்லை.

"இந்த பெஞ்ச் வேண்டாம்," என்றார் அவர், பொதுவாக.

பெஞ்சில் இருந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சேர்மன் அறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. புது மைக்கைக் கையில் பிடித்து, அதன் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, சேர்மன் சுவரைப் பார்த்துப் பேசினார். கூடத்து ஸ்பீக்கர்களை இன்னும் யாரும் போடவில்லை, சுவர் மட்டும் அமைதியாகக் கேட்டது. அவர் எதிர்பார்க்கும் பொதுக்குழு அப்படிப்பட்டதுதான்.

அண்ணி அவருடைய சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள். "காலையிலேர்ந்து மூணு தடவை இதே பேச்சுதான் பாப்பா. எங்க வீட்டு ஃபிரிட்ஜே மனப்பாடம் பண்ணிடுச்சு. நான் போய் நாப்பத்து நாலுல கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன், முதல் ஆளா."

"அண்ணி, நீங்க எந்தப் பக்கம்?"

"அதை மட்டும் கேக்காதே. நானே இன்னும் என்னைக் கேட்டுக்கல."

சேர்மன் மைக்கைத் தாழ்த்தினார். "வா பாப்பா. உனக்கு ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன். புதுக் கம்பெனியில உனக்கு இருபத்தஞ்சு சதவீதம். அப்பாவோட அம்பது சதவீதப் பங்குல பாதி எனக்கு, பாதி உனக்குன்னு பிரிச்சா அப்படித்தான் வருது."

"அப்பாவுக்குப் பங்கே கிடையாதுண்ணா. அவர் உறுப்பினர். நம்ம வாட்ச்மேன் மாதிரி, தபால்காரர் மாதிரி."

"உனக்கு வியாபாரம் புரியாது."

"இது வியாபாரம் இல்லண்ணா. அதான் பிரச்சனையே." பாப்பா கதவைச் சாத்தினாள். "சரி, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இன்னிக்கு உங்க நம்பர்ல கையெழுத்து போடுங்க."

"போடுறேனே. ஒண்ணு."

"ஒண்ணு அப்பாவோடது. உங்களுது நாப்பத்து மூணு."

சேர்மன் முகத்தில் அடிபட்டவன் களை வந்தது. "நாப்பத்து ரெண்டு யாரு?"

"வாட்ச்மேன்."

"வாட்ச்மேனுக்கு அடுத்து நான்?"

"அவர் உங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடி சேர்ந்தார். அவ்வளவுதான்."

"பொண்டாட்டிக்கு முன்னாடியாவது விட்டாங்களேன்னு சந்தோஷப்படுங்க," என்றாள் அண்ணி.

"விளையாட்டு இல்லண்ணா. பன்னெண்டாவது விதியில..."

சேர்மன் உள்ளங்கையை உயர்த்தினார். போக்குவரத்தை நிறுத்துகிறவர்களுக்கும் இவருக்கும் மட்டுமே கைவந்த அசைவு அது. "விதியை எனக்குப் படிச்சுக் காட்டுறியா? அப்பா எழுதினது என் ரத்தத்துல ஓடுது."

ரத்தத்தில் ஓடியது இருக்கட்டும், கண்ணில் ஒரு தடவையாவது ஓடியிருக்கலாம்.

கோட்டுக்காரர் கதவைத் தட்டினார். சேர்மன் ஒரு நொடியில் இரண்டு அங்குலம் உயர்ந்து, வெளியே நடந்தார். மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே அவரோடு போனது.

பாப்பா அங்கேயே நின்றாள். அவளுக்கு இருபது வயதில், அவள் முதன்முதலாகப் பொருத்திய கால் நடுத்தெருவில் கழன்று, ஒரு பெரியவர் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார். அப்பா உளியை மேஜையில் குத்தி வைத்துவிட்டு, "யாரு போல்ட்டை முடுக்கினது?" என்று கேட்டார். அப்போது முன்னால் வந்து, "நான்தான்" என்று சொன்னது அண்ணன். மூன்று மாதம் பட்டறைப் பக்கமே வரக்கூடாது என்று அப்பா சொல்ல, அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இன்றுவரை அதை அவர் சொல்லிக் காட்டியதும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுகிற மனிதர், அதை மட்டும் சொல்லிக் காட்டவில்லை.

பேசாமல் பதிவேட்டை நீட்டிவிட்டு மூடிவிடலாம். சட்டம் அவள் பக்கம். அவள்தான் அவள் பக்கம் இல்லை.

*

கூடத்தில் முப்பத்தோரு பேர். பதிவேடு கையிலிருந்து கைக்கு நகர்ந்தது. ஏழாம் எண் தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அப்பா செய்த காலை இருபது வருஷமாகப் போட்டிருப்பவர். அவர் கையெழுத்தைத் தபால் முத்திரை குத்துவதுபோல் ஓங்கிக் குத்தினார். வாட்ச்மேன் நாற்பத்திரண்டில் எழுத்துக்கூட்டி எழுதினார்.

முன்வரிசையில் கோட்டுக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கூடத்தில் அப்படி உட்கார முடியாதவர்கள் பாதிப்பேர் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மணி பத்து ஐம்பத்தேழு. பதிவேடு மேடைக்கு வந்தது. பாப்பா அதைச் சேர்மன் முன்னால் விரித்தாள். நாற்பத்து மூன்றின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். நகக்கண்ணில் காய்ந்த பிளாஸ்டர்.

"அண்ணா, இங்க," என்றாள் மெல்ல.

"கையை எடு."

"அண்ணா, சொல்றதைக் கேளுங்க. இது மூணாவது கூட்டம். இங்க கையெழுத்து இல்லேன்னா பன்னெண்டாவது விதிப்படி நீங்க உறுப்பினரே இல்ல. தலைவரும் இல்ல. தீர்மானம் கொண்டுவர முடியாது. நான் தோத்தாலும் பரவாயில்லேன்னு சொல்றேன். போட்டுட்டு எங்களோட சண்டை போடுங்க."

அவள் சொன்னது முணுமுணுப்பாகத்தான். ஆனால் மேஜைமேல் இருந்த மைக்கின் பச்சை விளக்கு, ஒத்திகையிலிருந்தே அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. உறுப்பினரே இல்ல, தலைவரும் இல்ல என்று நான்கு மூலை ஸ்பீக்கரும் கூடம் முழுக்கச் சொல்லின.

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். கோட்டுக்காரர் காலைக் கீழே இறக்கினார்.

தனியாக முழுசாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் போட்டிருப்பார். இப்போது முப்பத்தோரு பேரும் பார்க்க, வாட்ச்மேனுக்கு அடுத்த வரியில் அவர் பேனா இறங்குமா? மைக்கைத் தேடிப் பாப்பாவின் கை போனது. அதற்குள் சேர்மன் அதை எடுத்துவிட்டார்.

"கேட்டீங்களா?" சேர்மன் சிரித்தார். சிரிப்பு உதட்டில் மட்டும். "நிறுவனரோட பிள்ளை உறுப்பினராங்கறது கேள்வியாம்! எங்கப்பா உட்கார்ந்த இடத்துல நான் உட்காராம வேற யார் உட்காருவா? ஒண்ணாம் நம்பர் இந்தக் குடும்பத்தோடது. என்னிக்கும்!"

முன்னால் சேர்த்து வைத்திருந்த ஆட்கள் கை தட்டினார்கள். கை தட்டு ஓய்வதற்குள் சேர்மன் பேனாவை எடுத்தார். அப்பாவின் பெயருக்கு நேரே, போன இரண்டு வருஷத்தைவிடப் பெரிதாக, அடியில் இரண்டு சுழி வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி, பாப்பாவை ஜெயித்தவர்போல் பார்த்தார்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது.

பாப்பாவின் கை பதிவேட்டை மூடவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் கொடுக்கலாமா என்று அந்தக் கை யோசித்தது. இருபது வயதில் வாங்காமல் தப்பிய திட்டு, உள்ளங்கையில் வந்து கனத்தது.

"செயலாளரம்மா," தபால்காரர் எழுந்தார். காலை ஒரு தட்டுத் தட்டி நேராக்கிக்கொண்டார். "மணி ஆச்சு. ஒண்ணாம் நம்பர்ல யாரு கையெழுத்துன்னு பதிவு பண்ணணும்ல? அந்த மனுஷன் எனக்குக் கால் கொடுத்தவர். அவர் பேர்ல இன்னொருத்தர் கையெழுத்தை நான் பாத்துட்டு ரெண்டு வருஷமா சும்மா உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு."

"என் தப்பும்தான்," என்றாள் பாப்பா.

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். அளவுகோல் இல்லை. வேண்டாம். மரத்தில் கோடு இழுக்க அளவுகோல் இல்லாமலே கற்றுக்கொடுத்தவர் பெயர்தான் அது.

ஒரே கோடு. நேராக வந்தது. அப்பாவின் பெயரில் தொடங்கி, அண்ணனின் கையெழுத்தையும் இரண்டு சுழியையும் கடந்து, ஓரத்தில் போய் நின்றது.

"உறுப்பினர் எண் ஒண்ணு, காலமானார்." அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது. "எண் நாப்பத்து மூணு, வரலை."

பதிவேட்டை மூடினாள்.

சேர்மன் மேடையின் நடுவே நின்றார். நாற்காலி பின்னால் இருந்தது. உட்காரலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வயது அவருக்குத் தெரிந்தது. பாப்பா அவரைப் பார்க்க முடியாமல் பதிவேட்டின் அட்டையைப் பார்த்தாள்.

கோட்டுக்காரர் எழுந்தார். "சார், இது என்ன..."

"உட்காருங்க," என்றார் சேர்மன். குரல் உடைந்து, பிறகு ஒட்டிக்கொண்டது. விழுந்த பிறகும் மீசையைத் தடவுகிற திறமை அவருக்குப் பிறவியிலேயே உண்டு. "சரி. நான் உறுப்பினர் இல்லேன்னா என்ன? நாப்பத்து நாலு இருக்கா இல்லையா? காலையில முதல் ஆளா கையெழுத்து போட்டிருக்கா இல்லையா? தீர்மானத்தை எந்த உறுப்பினரும் கொண்டு வரலாம். அந்த விதி எனக்கும் தெரியும்!"

தெரிந்த ஒரே விதி. ஆனால் சரியான விதி. முன்வரிசையில் சேர்த்து வைத்த கைகள் அப்படியே மடியில் காத்திருந்தன.

சேர்மன் தீர்மானத் தாளை மனைவியை நோக்கி நீட்டினார். "படி."

அண்ணி எழுந்தாள். முப்பத்தோரு தலைகளும் திரும்பின. கதவோரம் ஊன்றுகோலில் நின்றபடி தையல்காரம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவசரப்படவில்லை. மேடைக்கு வந்தாள், தாளை வாங்கினாள், கைப்பையில் கண்ணாடியைத் தேடினாள், போட்டுக்கொண்டாள், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மனதுக்குள் படித்தாள். தாளை நான்காக மடித்தாளா, சும்மா கைக்கு அடக்கமாகப் பிடித்தாளா என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை.

பிறகு அண்ணி கணவர் பக்கம் கையை நீட்டினாள்.

"மைக்கை இப்படிக் குடுங்க," என்றாள். "இத்தனை வருஷமா நீங்களே பேசிட்டீங்க."